போடில் எழுதிய இரண்டு வரிகள்

லெம்விக் ஊரில் போடிலைத் தெரியாதவர்கள் கிடையாது. இருபத்தெட்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். இன்றைக்கு இந்த ஊரில் முப்பது வயதைத் தொட்டவர்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள். "பெல்ட்டைப் போடு, இல்லாட்டி எறங்கி நட" என்று தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியைப் பார்த்தபடியே சத்தம் போடுவாளாம். கடல் காற்று வண்டியைச் சாய்க்கப் பார்க்கிற நாட்களிலும் ஒரு நிமிடம் தாமதமாக வந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. நடக்க முடியாதவர்களைச் செவ்வாயும் வெள்ளியும் கடைக்குக் கூட்டிப்போகும் சின்ன வேனைச் சம்பளம் இல்லாமல் ஓட்டினாள். எதற்கும் அசராதவள் என்றுதான் ஊர் அவளை நினைத்திருந்தது.

உண்மையில் அவள் சரியான பயந்தாங்கொள்ளி. அது எங்கள் சினிமா சங்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

சங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்துக்கு மேலே, மேட்டில் இருக்கும் பழைய திரையரங்கில் மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் படம். அறுபத்திரண்டு நாற்காலிகள். ஒவ்வொன்றும் ஒருவருக்குச் சொந்தம். படம் முடிந்ததும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு துண்டுத்தாளில், அந்தப் படம் தன்னை என்ன செய்தது என்று இரண்டு வரி எழுதிப் பெயரைப் போட்டு, வாசலில் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். பிறகுதான் காபி, கேக், சண்டை எல்லாம். செயலாளர் அந்தத் தாள்களைத் தட்டச்சு செய்து வருடத்துக்கு ஒரு சிறு புத்தகமாகப் போடுவார். தாள்கள் அடுப்புக்குப் போய்விடும். ஒரு பருவத்தில் மூன்று முறை நாற்காலி காலியாக இருந்து, தாளும் விழவில்லை என்றால் நாற்காலி போயிற்று. காத்திருக்கும் பட்டியலில் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். காய்ச்சல், மகள் கல்யாணம், சாவு, எந்தச் சாக்கும் எடுபடாது. எங்கள் ஆட்கள் எதில் வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பார்கள், தாங்களே போட்டுக்கொண்ட விதியில் மட்டும் மாட்டார்கள்.

நான் ஈவர். ஒன்பது வருடங்களுக்கு முன், மனைவி என்னை விட்டுப் போன கையோடு இந்த ஊருக்கு வந்தவன். பள்ளிக்கூடத்தில் பூட்டு, குழாய், விளக்கு எல்லாம் பார்த்துக்கொள்ளும் வேலை. தட்டச்சு தெரியும் என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். பழைய செயலாளர் கெர்டா மகளோடு இருக்க ஆர்ஹூஸ் நகரத்துக்குக் கிளம்பியபோது அந்தப் பதவியை என் தலையில் கட்டிவிட்டார்கள். இவர்கள் ஆசை ஆசையாய்ப் பார்க்கும் படங்களில் பாதி எனக்குப் பிடிக்காது. காலம் முன்னும் பின்னும் ஓடும். செத்தவன் எழுந்து வந்து காபி கேட்பான். யாருடைய கனவுக்குள் யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்குக் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஆனால் தாள்களைத் தட்டச்சு செய்வது பிடிக்கும். ஒரே படத்துக்குப் பல் மருத்துவர் இரண்டு பக்கமும் நுணுக்கி நுணுக்கி எழுதுவார். பன்றிப் பண்ணைக்காரன் கெல்டு, "தூங்கிவிட்டேன். நிம்மதியாக இருந்தது" என்று எழுதுவான்.

போடில் எழுதுவது எப்போதும் ஒரே அச்சில் இருக்கும். எதற்குப் பயப்படவில்லை என்று ஒரு வரி, எதற்குப் பயந்தாள் என்று ஒரு வரி. ஒரு கிழவருடைய கனவில் அதே ரயில் திரும்பத் திரும்ப வரும் படத்துக்கு, "ரயில் வந்ததற்கு நான் பயப்படவில்லை. அவர் பெட்டியை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்ததற்குப் பயந்தேன்" என்று எழுதியிருந்தாள். ஒரு பெண்ணின் வாழ்க்கை கடைசியிலிருந்து முதலுக்கு ஓடும் படத்துக்கு, "அவள் சின்னப் பிள்ளை ஆனதற்குப் பயப்படவில்லை. அம்மா அவளை அடையாளம் தெரிந்துகொண்டதற்குப் பயந்தேன்" என்று எழுதினாள். அந்தப் படம் எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. அவள் வரியைத் தட்டச்சு செய்யும்போதுதான் முதுகு சில்லிட்டது.

ஏன் இப்படித் தேடித் தேடிப் பயப்படுகிறாள் என்று ஒருமுறை கேட்டேன்.

"பஸ் ஓட்டறப்ப பயப்பட முடியுமா? பின்னால முப்பது புள்ளைங்க. அதான் எல்லாத்தையும் சேத்து வெச்சு ஞாயித்துக்கிழமை இங்க வந்து மொத்தமா பயந்துட்டுப் போறேன். நாலு மணிக்கு வெளிய வந்தா பசி நல்லா எடுக்குது" என்றாள்.

அவள் பக்கத்து நாற்காலி ஹோல்கருடையது. அவள் கணவன். படகு எஞ்சின் பழுது பார்த்தவன், அதிகம் பேசாதவன். பயக் காட்சி வந்தால் அவள் அவன் கையைத்தான் நசுக்குவாள். "அவ பயப்படறதுக்குத் தனியா சந்தா கட்டறேன்" என்று அவன் சொல்வான். நான் பார்த்த தம்பதிகளில் சண்டை போடாதவர்கள் அவர்கள்தான்.

போன அக்டோபரில், வருடத்தின் நாற்பத்துமூன்றாம் வாரம், சங்கத்துக்கு முப்பது வயது நிறைந்தது. மேசையெல்லாம் சின்னச் சின்னக் கொடி. பல் மருத்துவர் இயற்றிய பதினொரு சரணப் பாட்டு. ஒரு சரணத்தையாவது விட்டுத் தொலைப்போம் என்று யாருக்கும் தோன்றவில்லை. பழைய படங்களில் ஒன்றை எல்லோருமாக ஓட்டுப் போட்டு மறுபடி பார்ப்பது என்று முடிவாகியிருந்தது. தேர்வானது பதினொரு வருடத்துக்கு முன்பு ஒருமுறை காட்டிய கறுப்பு வெள்ளைப் படம். ஒருவன் தினமும் காலையில் எழுந்திருக்கும்போது வீட்டில் ஓர் அறை குறைந்திருக்கும். நேற்றுக் கதவு இருந்த இடத்தில் வெறும் சுவர். பெண்டாட்டியைக் கேட்டால், "அங்க எப்ப ரூம் இருந்துச்சு?" என்பாள். கடைசியில் அடுக்களை மட்டும் மிஞ்சும். அவன் அங்கே உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருப்பான். அவ்வளவுதான் கதை.

அரங்கத்துக்குள் போகும்போதே போடில் சொன்னாள். "இந்தப் படத்தை நான் பாத்ததே இல்லையே."

"எப்படித் தெரியும்? அன்னைக்கு நீயும் என்னை மாதிரி தூங்கியிருப்ப" என்றான் கெல்டு.

"பாத்தோம்மா" என்றான் ஹோல்கர். "நீ அந்தப் பச்சைக் கோட்டு போட்டிருந்த. என் பக்கத்துலதான இருந்த."

படம் முடிந்தது. தாள்கள் டப்பாவில் விழுந்தன. என் மூளைக்கு அன்று ஒரு அதிபுத்திசாலித்தனமான யோசனை தோன்றியிருந்தது. பதினொரு வருடத்துக்கு முந்தைய புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தேன். ஒவ்வொருவரும் அன்று என்ன எழுதினார்கள், இன்று என்ன எழுதியிருக்கிறார்கள் என்று காபி நேரத்தில் சத்தமாகப் படித்தேன். நல்ல சிரிப்பு. அன்று "மாபெரும் படைப்பு" என்று எழுதிய பல் மருத்துவர் இன்று "நீளம் அதிகம்" என்று எழுதியிருந்தார். கெல்டு இரண்டு முறையும் தூங்கியிருந்தான். போடிலின் முறை வந்தது. முதலில் பழையதைப் படித்தேன்.

"அறைகள் குறைந்ததற்கு நான் பயப்படவில்லை. அவன் தேடுவதை நிறுத்தியதற்குப் பயந்தேன்."

பிறகு, ஈரம் காயாத புதுத் தாளைப் பிரித்தேன்.

"அறைகள் குறைந்ததற்கு நான் பயப்படவில்லை. அவன் தேடுவதை விட்டுவிட்டதற்குப் பயந்தேன்."

கூடம் அதிர்ந்தது. மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். "முப்பது வருஷத்துல மாறாத ஒரே ஆளு!" என்று கெல்டு கத்தினான். நானும் சிரித்தேன். போடிலைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. காபிக் கோப்பையைத் தட்டில் வைத்தாள்.  பிறகு எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள். ஹோல்கர் அவள் கோட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்த வேனை வேறு யாரோ ஓட்டினார்கள். போடில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்றார்கள்.  அவள் வீட்டுக்குப் போனேன்.

அடுக்களையில் உட்கார்ந்திருந்தாள். வாய் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டிருந்தாள். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது. என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. இரண்டு வரை வந்துவிட்டுத்தான் பேசினாள்.

"எங்கப்பாவுக்கு அறுபத்தெட்டு வயசுல மறதி ஆரம்பிச்சுது ஈவர். எனக்கு இப்ப அறுபத்தேழு."

"ஒரு படத்தை மறக்கறதெல்லாம் ஒரு விஷயமா? நான் போன வாரம் பாத்த படத்தையே மறந்துட்டேன்."

"நீ மறந்தா, மறந்துட்டோம்னு உனக்குத் தெரியும். லேசா ஏதாவது ஒட்டிக்கிட்டிருக்கும். எனக்கு ஒண்ணுமே இல்ல. ரெண்டு மணி நேரம் பாத்திருக்கேன், கையை நசுக்கியிருக்கேன், எழுதியிருக்கேன். அந்த எடத்துல ஒரு ஓட்டைகூட இல்ல. வழவழன்னு சுவரு." அவள் மேசையைத் தடவினாள். "எங்கப்பா என்ன பண்ணுவாரு தெரியுமா? வாசல்லயே நிக்கற சைக்கிளைத் திருடிட்டாங்கன்னு போலீசுக்கு போன் போடுவாரு. அதுக்குக்கூட நான் பயப்படல. ஒருநாள் மரியாதையா என்னைப் பாத்து, 'நீங்க எந்த வண்டில வந்தீங்க?'ன்னு கேட்டாரு. சொந்த மகளை. அந்த மரியாதையை என்னால தாங்க முடியல."

 விளையாட்டாகச் செய்தது இப்படி ஒருத்தியின் உயிரைப் பிடித்து உலுக்கும் என்று கண்டேனா?

 அவள் மருத்துவரிடம் போனாள். கடிகாரம் வரையச் சொன்னார்களாம், ஐந்து சொற்களைச் சொல்லிக் கொஞ்சம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார்களாம். முப்பதுக்கு முப்பது. ஒரு குறையும் இல்லை, போய் வேனை ஓட்டுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். "பரீட்சைல பாஸானா அந்த ஞாயித்துக்கிழமை திரும்பி வந்துடுமா?" என்று என்னிடம் கேட்டாள். பேக்கரியில் வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவர்களின் பிள்ளைகள் பெயர்களை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பாள். ஒரு பெயர் தட்டினால் உதடு வெளுத்துப்போகும். தினமும் காலையில் துறைமுகத்தில் நடந்து படகுகளின் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்தாள். சினிமாவுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். இரண்டு ஞாயிறு அவள் நாற்காலி காலி. மூன்றாவதும் காலியானால் நாற்காலி போய்விடும் என்று நான்தான் போய்ச் சொன்னேன்.

"போகட்டும். இனி அங்க உக்காந்து என்ன? பாக்கறது எதுவும் உள்ள தங்கலன்னா" என்றாள்.

ஹோல்கர் அவளைத் தங்கமாகப் பார்த்துக்கொண்டான். குளிர்பதனப்பெட்டிக் கதவு முழுக்க அவளுக்காகச் சின்னச் சின்னக் குறிப்பு எழுதி ஒட்டியிருந்தான். அடுப்பை அணை. சாவி கொக்கியில். புதன்கிழமை குப்பை. "அவளுக்கு உதவியா இருக்கும்" என்று என்னிடம் தணிந்த குரலில் சொன்னான். அவள் ஒவ்வொரு முறை "நெஜமா நான் அன்னைக்கு இருந்தேனா?" என்று கேட்கும்போதும் பொறுமையாக அதையே சொல்வான். பச்சைக் கோட்டு. என் இடது பக்கம். நீ என் கையை நசுக்கின. அவன் எவ்வளவு உறுதியாகச் சொன்னானோ அவ்வளவுக்கு அவள் ஒடுங்கிப்போனாள். உலகத்தில் அவள் தன்னைவிட அதிகமாக நம்பியது அவனைத்தான்.

குற்ற உணர்ச்சி என்னைச் சும்மா விடவில்லை. நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, அந்தப் பழைய புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அந்தப் படம் காட்டியது மார்ச் மாதம், பதினோராம் வாரம். அதற்கு முந்தைய இரண்டு படங்களுக்கும் போடிலின் வரிகள் இல்லை. மறுபடி புரட்டிப் பார்த்தேன். இல்லை. முப்பது வருடத்தில் அவள் ஒருமுறைகூடத் தவறியதில்லை என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்ததெல்லாம் வெறும் பேச்சு. தொடர்ந்து இரண்டு முறை வரவில்லை. மூன்றாவது முறை வராவிட்டால் நாற்காலி போயிருக்கும். அந்த மூன்றாவது முறைதான் அந்தப் படம்.

உடனே ஆர்ஹூஸிலிருக்கும் கெர்டாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். எண்பத்திரண்டு வயது. குரல் கத்தி மாதிரி.

"கெர்டா, அறை காணாமப் போற படம் ஞாபகம் இருக்கா? அன்னைக்கு போடில் வந்திருந்தாளா?"

 "இதை யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

"வந்தாளா, இல்லையா?"

"எங்க வந்தா? அவ தங்கச்சி எலின் ஓடென்ஸ ஊரு ஆஸ்பத்திரில சாகக் கெடந்தா. ரெண்டு மாசம் போடில் அங்கயும் இங்கயுமா அலைஞ்சுக்கிட்டிருந்தா. அன்னைக்கு ஹோல்கர் மட்டும்தான் வந்தான். பக்கத்து நாற்காலில அவளோட பச்சைக் கோட்டை விரிச்சு வெச்சிருந்தான், காலியா இருக்கக் கூடாதுன்னு. கடைசில டப்பாவுல ரெண்டு தாள் போட்டான். ரெண்டும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. என்னைப் பாத்தான். நான் சன்னலைப் பாத்தேன்."

"நீயா? விதி விதின்னு எங்க உயிரை எடுத்த நீயா?"

"செயலாளர் வேலைல பாதி கண்ணைத் தொறந்து வெக்கறது, பாதி மூடிக்கறது. உனக்கு இன்னும் அது புடிபடல. அவகிட்ட சொல்லிடாதன்னு கெஞ்சினான். சொன்னா அவளே வந்து நாற்காலியை விட்டுக் குடுத்துட்டுப் போயிருப்பா. அடுத்த வாரம் எலின் செத்துப் போயிட்டா. அந்த வருஷப் புத்தகத்தை போடில் தொட்டிருக்கவே மாட்டா."

நான் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். மேட்டிலிருந்து துறைமுகம் வரை பிரேக்கைத் தொடவில்லை. போடில் படகுகளுக்கு முன்னால் நின்று வாய்க்குள் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு காலி நாற்காலி, கோட்டு, ஒரே பேனா, எலின்.

அவள் முதலில் நம்பவில்லை. கைப்பையில் எதையோ தேடுகிற மாதிரி துழாவினாள், ஒன்றும் எடுக்கவில்லை. பிறகு அப்படியே படகு கட்டுகிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் ஊற்றியது, துடைக்கவே இல்லை.

"திருட்டுப் பய! என் கோட்டுக்கே டிக்கெட் வாங்கியிருக்கான். நான் என்ன எழுதுவேன்னுகூட சொல்லுக்குச் சொல் தெரிஞ்சு வெச்சிருக்கான் பாரு. பதினோரு வருஷம் முன்னாடியே! நான் இவ்ளோ லேசான ஆளா ஈவர்?"

"உன்னோட ரெண்டு வரியை எங்க வீட்டுப் பூனைகூட எழுதிடும்."

"போடா" என்று என் தோளில் அடித்தாள். வலித்தது. பேருந்து ஓட்டிய கை. "அப்ப நான் மறக்கல. பாக்கவே இல்ல. பாக்காததை எப்படி மறக்க முடியும்? அடக் கடவுளே. வேன் சாவியை யார் கிட்ட குடுத்தாங்க? திங்கட்கெழமையே போய் வாங்கறேன்."

எழுந்து நின்று கோட்டைத் தட்டிவிட்டாள். நாலு எட்டு நடந்தாள். நின்றாள். சிரிப்பு முகத்திலேயே இருந்தது, அவள்தான் அதற்குள் இல்லை.

"அப்ப ஹோல்கர் ஏன் நான் இருந்தேன்னு சொல்றான்?"

"பொய் வெளிய வந்துடுமேன்னுதான். மாட்டிக்கிட்டான், பாவம்."

"ஒரு மாசமா நான் செத்துக்கிட்டிருக்கேன். அதைப் பாத்துக்கிட்டு ஒரு பொய்யைக் காப்பாத்துவானா ஹோல்கர்?" அவள் என்னைப் பார்க்கவில்லை. "அவனுக்குப் பொய் சொன்னா காது செவந்துடும். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாக்கறேன். இந்த ஒரு மாசத்துல ஒருநாள்கூட அவன் காது செவக்கல."

காற்று அடித்துக்கொண்டிருந்தது.  குளிர்பதனப்பெட்டிக் கதவு ஞாபகத்துக்கு வந்தது. அடுப்பை அணை, சாவி கொக்கியில். அவளுக்காக ஒட்டினேன் என்று அவன் சொன்னான், நான் தலையாட்டிவிட்டு வந்தேன். போன வாரம் கடையில் என்னைப் பார்த்து, செயலாளர் வேலை எப்படிப் போகிறது, கெர்டா எல்லாம் சொல்லிக்கொடுத்தாளா என்று விசாரித்தான். நான் பதவி ஏற்று எட்டு வருடம் ஆகிறது. கேலி செய்கிறான் என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்திருந்தேன். அவளும் மனதுக்குள் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் கண்டுபிடித்தது எதையும் என்னிடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு மாதம் முழுக்க ஊரே அவளைக் கவனித்துக்கொண்டிருந்தது. அவளும் தன்னையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

"கூட வா" என்றாள். "தனியாப் போக பயமா இருக்கு."

ஹோல்கர் அடுக்களையில் கறுப்பு ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தான். மேசையில் மெழுகுவத்தி. எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து இன்னொரு தட்டு எடுத்து வைத்தான். அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஹோல்கர், ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்க மாட்டேன், சத்தியமா. அந்தப் படத்துக்கு என் தாளை நீ எழுதினியா?"

அவன் கத்தியை வைத்தான். நன்றாக யோசித்தான். நான் அவன் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உன் தாளை நான் எதுக்கு எழுதணும்? நீதான் பக்கத்துல உக்காந்திருந்தியே. பச்சைக் கோட்டுல."

"நான் ஊர்லயே இல்லையே ஹோல்கர். அப்ப ஓடென்ஸல இருந்தேன். எலின்கூட."

"எலின்" என்றான். அந்தப் பெயரைக் கேட்டதும் அவனுக்கு மகிழ்ச்சியாக இருந்தது. "அவகிட்டேர்ந்து போன் வந்து ரொம்ப நாளாச்சு இல்ல? எப்படி இருக்கா இப்ப? ஞாயித்துக்கெழமை சாப்பிடக் கூப்பிடேன். அவளுக்குப் பிடிக்குமேன்னு மீன் வாங்கி வெக்கறேன்."

 ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். போடில் கையை லேசாக உயர்த்தி என்னை நிறுத்தினாள். அவள் பயத்தை நான் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை பக்கவாட்டில் பார்த்திருக்கிறேன். அன்று பார்த்ததற்கு முன்னால் அதெல்லாம் விளையாட்டு. அவள் மேசையைச் சுற்றிப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். 

"நல்லா இருக்கா" என்றாள். "கூப்பிடறேன்."

"நீ அன்னைக்கு இருந்தம்மா. நான் பொய் சொல்லுவேனா?"

"இருந்தேன். உன் பக்கத்துலதான் இருந்தேன். நான்தான் மறந்துட்டேன்."

அவனுக்கு எவ்வளவு நிம்மதி என்பதை முகத்தில் பார்த்தேன். அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டான்.

"இதுக்குப் போய் இப்படி நடுங்கறியே. ஒண்ணும் இல்ல, பயப்படாத. உனக்கும் சேத்து நான் ஞாபகம் வெச்சுக்கறேன்" என்றான்.